சுவர்ப்பக்கத்துப் பாதி

உள்ளங்கால் இரண்டும் எரிந்தன. இரும்பு மூக்கு வைத்த பூட்ஸுக்குள் பத்து மணி நேரம் ஈரத் தரையில் நின்ற கால்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் பூட்ஸைக் கழற்றவில்லை. கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது என்று தெரியும். குட்மேய்ஸில் இறங்கி அந்த வீட்டு வாசலை அடைந்தபோது காலை ஏழு மணி. ஜனவரி. விடிவதற்கான அறிகுறியே இல்லை.

வரிசை வீடுகளில் அதுவும் ஒன்று. செங்கல் கறுத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் ஈரச் சுவரின் மணமும் முதல் நாள் தாளித்த வெங்காயத்தின் மணமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்காரி தவநாயகி ஆன்ட்டி மேலே கூட்டிப்போய்க் காட்டிய அறையில் ஒரு கட்டில் போட்ட பிறகு ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். கட்டில் ஒட்டியிருந்த சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

"கட்டில் ஒண்டு, ஆள் ரெண்டு. ஆனா ஒரே நேரத்தில ரெண்டு பேர் இல்லை, விளங்குதோ பிள்ளை? காலமை ஏழில இருந்து பின்னேரம் மூண்டு மட்டும் உமக்கு. மிச்சம் பிறேமினிக்கு. வீட்டில எத்தினை பேர் எண்டு பாக்கக் கவுன்சில்காரன் வந்தா நீர் என்ர மருமகள்."

"அவங்க?"

"அவவும் மருமகள்தான்."

"உங்களுக்கு எத்தன மகன் ஆன்ட்டி?"

"ஒண்டு. அவனும் கலியாணம் வேண்டாமெண்டு இருக்கிறான். நீங்கள் ரெண்டு பேரும் உங்களுக்குள்ள கதைச்சு முடிவெடுங்கோ."

நான் தூத்துக்குடி உப்பளத்துப் பிள்ளை. அம்மாவும் அப்பாவும் பாத்தியில் உப்பு வாரியவர்கள். அன்பரசி என்று பேர் வைத்துப் படிக்க வைத்தார்கள். லண்டனில் உணவுப் பாதுகாப்பு முதுகலை. அதில் ஆறு மாதம் தொழிற்சாலைப் பயிற்சி கட்டாயம். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம் சாண்ட்விச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் கிடைத்தது. பயிற்சியில் தோற்றால் படிப்பு போகும். படிப்பு போனால் விசா போகும். அதற்கு மேல் யோசிக்கவே பயம்.

அங்கே என் வேலை சூடு பார்ப்பது. ஊசிபோல் முனையுள்ள ஒரு தெர்மாமீட்டர், ப்ரோப் என்பார்கள். கோழிக்கறிக்குள், முட்டைக்குள், குளிர் அறைக்குள் வைத்துப் பார்த்து மணிக்கொரு தரம் தாளில் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் லெட்சுமணன், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முதல் நாளே சொன்னார்: "மெஷின் காட்டுறத எழுதும்மா. உன் ஆசைய எழுதாத."

பிறேமினி அக்காவை அன்று காலையே படியில் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய ஆம்பளை கோட்டு, காதை மூடிய தொப்பி. இல்ஃபோர்டில் ஒரு சமையல்கூடத்தில் காய் வெட்டும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஓ, நீர்தானே பகல் ஆள்? நான் இரவு ஆள். எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள்."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். நான் அறைக்குப் போய்ப் போர்வைக்குள் காலை விட்டேன். உள்ளே சூடு. சிவப்புக் கம்பளி உறை போட்ட சுடுதண்ணிப் பை ஒன்று, கால் படும் இடத்தில் இருந்தது.

அதன்பின் ஒரு நாள்கூட அந்தப் பை இல்லாமல் இருந்ததில்லை. வேலைக்குப் போகுமுன் எனக்காகத் தண்ணீர் கொதிக்க வைத்து, நிரப்பி, வைத்துவிட்டுப் போவாள். நாங்கள் நேருக்கு நேர் பார்த்தது தினம் பத்து நிமிடம், அதுவும் படியில். அந்தப் பத்து நிமிடங்களில்தான் எனக்கு லண்டன் பழகியது. பூட்ஸுக்குள் ஆம்பளைச் சாக்ஸ் இரண்டு போடச் சொன்னாள். குதிகாலில் வாஸ்லின் தடவிக்கொண்டு படுக்கச் சொன்னாள். போக இடமில்லாத நாளில் என்ன செய்வது என்பதையும் சொல்லித் தந்தாள்.

"பஸ்ஸில ஏறிக் கடைசி சீட்டில போய் இரும். கீழ எஞ்சின் இருக்கு. சூடா இருக்கும். ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தம் மட்டும் போயிட்டு வந்தீர் எண்டா உடம்பு உருகிடும். லண்டனில அதைவிட மலிவான ஹீட்டர் இல்லை."

அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. பாரிஸில் ஒரு அண்ணன் இருப்பது மட்டும் தெரியும்.

பிப்ரவரி இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்.

காலை ஏழேகாலுக்கு அறைக் கதவைத் திறந்தேன். பிறேமினி அக்கா இன்னும் கட்டிலில் இருந்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் அடித்துக்கொண்டது.

"தங்கச்சி, எனக்குக் கொஞ்சம் சுகமில்லை. இண்டைக்கு வேலைக்கு ஏலாது எண்டு சொல்லிட்டன்."

என் பையில் ப்ரோப் இருந்தது. ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. பழக்கம். முனையைத் துடைத்து, மேலுறையை மாட்டி, அவளுடைய கக்கத்தில் வைத்தேன். எண் ஏறி நின்றது.

முப்பத்தொன்பது புள்ளி நான்கு.

"எவ்வளவு?" என்றாள்.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு."

"நான் சுவர்ப்பக்கம் ஒடுங்கிப் படுக்கிறன். நீர் இந்தப் பக்கம் படும். பாதிக் கட்டில் எனக்குக் காணும். இரும மாட்டன். அசைய மாட்டன். மூண்டு மணிக்குப் பிறகு எப்பிடியும் என்ர நேரம்தானே."

எங்கள் வீட்டில் ஒரு அறை, ஒரு பாய், ஆறு பேர். யாருக்காவது காய்ச்சல் வந்தால் நடுவில் போட்டுக்கொண்டு தூங்குவோம். காய்ச்சல்காரரை எழுப்பி வெளியே அனுப்பியது எங்கள் ஓட்டை வீட்டில் ஒருநாளும் நடந்ததில்லை. ஆனால் அந்தப் பாயில் இருபது வருடம் படுத்தவளுக்கு ஒரே ஒரு வெறி இருந்தது. என்றைக்காவது ஒரு படுக்கையில் தனியாகப் படுக்க வேண்டும்.

"அக்கா, மூணு மணிக்கு எனக்குப் பல்கலைக்கழகத்துல மதிப்பீடு. தூங்காமப் போனா வாய் உளறும். பக்கத்துல ஆள் இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டியும் ரெண்டு பேர் படுக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க," என்றேன். பிறகு அதையும் சொன்னேன். "ஏழு மணியில இருந்து என் நேரம்க்கா."

"ஓம். அது சரிதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருப்பேன். கோபமே இல்லை. எழுந்தாள். தன் விரிப்பை உருவி மடித்துக் கால்மாட்டில் வைத்தாள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள். கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி மேலே ஏறி வந்தாள். படி ஒவ்வொன்றிலும் நின்று ஏறியது கேட்டது. சுடுதண்ணிப் பையைப் போர்வைக்குள் எனக்காக வைத்தாள்.

"வாறன் என்ன," என்றாள்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். அதை மறைத்துப் பயனில்லை. அந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

மதிப்பீட்டில் நல்ல பேர் வாங்கினேன். பூட்ஸை எடுக்க ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் இரண்டு போலீஸ் நின்றார்கள். பிறேமினி அக்கா காலையிலிருந்து ஒரே தடப் பஸ்களில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்திருக்கிறாள். பின்னேரம் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, பின்சீட்டில் ஜன்னலோடு சாய்ந்திருந்தவளை டிரைவர் எழுப்பப் பார்த்திருக்கிறார்.

காலையில் அவளைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். உடம்புக்கு முடியாமல் இருந்தாளா என்று கேட்டார்கள்.

"இல்லை. எப்போதும்போல் வேலைக்குப் போனார்."

அந்தப் பெண் போலீஸ் அதை எழுதிக்கொண்டாள். மெஷின் காட்டியதை எழுதவில்லை. என் ஆசையை எழுதினாள்.

மூன்று நாள் அறை பூட்டிக் கிடந்தது. ஆன்ட்டி விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாள். நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு ஆன்ட்டி சாவி போட்டுத் திறந்துவிட, நான் உள்ளே போனேன். மூச்சு புகையாக வந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போர்வையைத் தூக்கினேன்.

சூடு.

"ஆன்ட்டி! மேல யாராவது படுத்தாங்களா?"

"ஆர் படுக்கிறது? திறப்பு என்ர இடுப்பிலயெல்லோ கிடக்குது."

கையை விட்டுப் பார்த்தேன். பை இல்லை. ஒன்றுமே இல்லை. என் பக்கத்துப் பாதி பனிக்கட்டிபோல் இருந்தது. சுவர்ப்பக்கத்துப் பாதி மட்டும் சூடாக இருந்தது. ஓரத்தில், ஆள் ஒருக்களித்துப் படுத்த அகலத்துக்கு.

ப்ரோபை எடுத்தேன். துடைத்தேன். மூன்று முறை துடைத்தேன். அறையின் சூடு பன்னிரண்டு. என் பக்கம் பன்னிரண்டு. சுவர்ப்பக்கம் வைத்தேன். எண் ஏறியது. இருபது. முப்பத்தொன்று. முப்பத்தெட்டு. பிறகு மெதுவாக.

முப்பத்தொன்பது புள்ளி நான்கு.

நின்றுவிட்டது.

வெளியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துப்போனார்கள். அப்படியே நின்றதில் பகல் எட்டரை மணி ஆகிவிட்டது. திரைச்சீலையில் சாம்பல் வெளிச்சம். பேய் என்றால் இருட்டில் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வேறு போக இடமில்லை. கட்டிலின் விளிம்பில், விழுந்துவிடும் அளவுக்குத் தள்ளிப் படுத்தேன். மெத்தை அந்தப் பக்கம் லேசாக அமுங்கியிருந்தது. நான் அசைந்தால் அது அசையாமல் இருந்தது. நான் மூச்சை அடக்கினால் அதுவும் அடக்கியது.

ஐந்து நிமிடம்.

பத்து நிமிடம்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

இருமல் இல்லை. வந்த இருமலைத் தொண்டையிலேயே விழுங்கும் சத்தம்.

நான் எழுந்து ஓடினேன். மூன்று மணி வரை குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அறைத் தரையிலேயே, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், கோட்டை விரித்துப் படுத்தேன். முழுக் கட்டிலையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் தூங்குமுன் ப்ரோபை வைத்துப் பார்ப்பேன். சுவர்ப்பக்கம் முப்பத்தொன்பது புள்ளி நான்கு. என் பக்கம் பன்னிரண்டு, பதின்மூன்று. எனக்கென்று விட்ட பாதி குளிர்ந்து கிடந்தது.

தரையில் கண் விழிக்கும்போதெல்லாம் போர்வை என் மேல் இருந்தது.

நான் அதைக் கட்டிலில்தான் விட்டிருப்பேன். விழிக்கும்போது கழுத்து வரை போர்த்தி, கால்பக்கம் உள்ளே செருகியிருக்கும். ஒரு நாளும் என்னைத் தொட்டதில்லை. பயமுறுத்தியதில்லை. என் தலைமயிரைப் பிடித்து இழுத்திருந்தால், கழுத்தை நெரித்திருந்தால் கோவிலுக்காவது போயிருப்பேன். காய்ச்சல்காரி தன் போர்வையை எனக்குப் போர்த்துகிறாள் என்று எந்த ஐயரிடம் போய்ச் சொல்வது?

ஆன்ட்டி இரவு ஆளாக மேனுஷா என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தாள். அவள் நிம்மதியாகத் தூங்கினாள். "அக்கா, உங்கட ரூம் சரியான குளிர், இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். இரவு முழுக்க அந்தக் கட்டிலில் ஒன்றும் இல்லை. காலை ஏழிலிருந்து மூன்று வரைதான்.

அது என் நேரம்.

மார்ச் முதல் ஞாயிறு பிறேமினி அக்காவின் அண்ணன் பாலேந்திரா பாரிஸிலிருந்து வந்தார். எரித்த சாம்பலை வாங்கவும் அவளுடைய சாமான்களை எடுக்கவும். பகல் ஒரு மணி இருக்கும். சமையலறை மேசையில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆன்ட்டி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவருடைய விரல் நகங்களைச் சுற்றிச் சிமெண்டு பட்டுத் தோல் வெடித்திருந்தது. என் அப்பாவின் கைபோலவே இருந்தது.

"நியூமோனியா எண்டு எழுதிக் கிடக்கு," என்றார். "அது ஒரு நாளில வாற வருத்தம் இல்லை. சுகமில்லாம ஏன் வெளிக்கிட்டவ எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. லீவு எண்டு வேலையிடத்துக்குச் சொல்லியிருக்கிறா. லீவு எடுத்த மனுசி படுக்காம, ஏன் பஸ்ஸில போய் இருந்தவ?"

ஆன்ட்டி கோப்பையை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். குறை நினையாதேயும். அண்டைக்குக் காலமை உம்மட்டை என்னவும் சொன்னவவோ?"

தலைக்கு மேலே கட்டில் கிரீச்சிட்டது.

அந்தச் சின்ன அறை சமையலறைக்கு நேர் மேலே. மேனுஷா வேலைக்குப் போயிருந்தாள்.

"மேல ஆர்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை," என்றாள் ஆன்ட்டி. "பழைய வீடு."

அவர் மறுபடி என்னைப் பார்த்தார். எனக்கு நேரம் தந்தார். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். பாதிக் கட்டில் கேட்டாங்க, நான் தரல. நாக்கு நுனி வரை வந்தது. மேலே இருப்பதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"இல்லண்ணே. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் இருந்தாங்க."

மேலே கட்டில் இன்னொரு முறை கிரீச்சிட்டது. ஒருவர் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் சத்தம்.

அவர் தலையாட்டினார். சாமான் பையிலிருந்து சிவப்புக் கம்பளி உறை போட்ட சுடுதண்ணிப் பையை எடுத்து மேசையில் வைத்தார்.

"போனில உம்மைப் பற்றித்தான் கதைப்பா. உப்பளத்துப் பிள்ளை ஒண்டு வந்திருக்கு, கால் வெடிச்சு வருகுது, நான் படுக்கையைச் சூடாக்கி வைச்சிட்டு வாறனான் எண்டு. இது உம்மட்டையே இருக்கட்டும். அவவுக்குச் சொந்தமெண்டு லண்டனில இருந்தது நீர் ஒருத்திதான்."

வாங்கிக்கொண்டேன். நன்றி அண்ணே என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்கு என் வாயைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

ஜூனில் பயிற்சி முடிந்தது. லெட்சுமணன் நல்ல அறிக்கை கொடுத்தார். ஒரு தாளில்கூட எண் மாற்றி எழுதாத பெண் என்று எழுதியிருந்தார். படிப்பு முடிந்து பகல் வேலை கிடைத்தது. வால்தம்ஸ்டோவில் தனி அறை எடுத்தேன். பூஞ்சணம் இல்லை, பெரிய ஜன்னல், இரண்டு பேர் படுக்கும் கட்டில். சுவரை விட்டுத் தள்ளி அறையின் நடுவில் இழுத்துப் போட்டேன். இனிச் சுவர்ப்பக்கம் என்று ஒன்றே கிடையாது. சுடுதண்ணிப் பையை அலமாரியின் அடியில் வைத்துத் துணிகளைப் போட்டு மூடினேன். இரவில் தூங்கினேன். நான்கு மாதம் ஒன்றும் இல்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை எனக்குக் காய்ச்சல் வந்தது. ஏழரை இருக்கும். எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அறை நடுவில் இருந்த கட்டில் எதிர்ச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

இழுத்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

போர்வை என் பக்கம் முழுவதும் ஒதுக்கி, கால்மாட்டில் செருகியிருந்தது. உள்ளே கையை விட்டேன். கால் படும் இடத்தில் சிவப்புக் கம்பளி தட்டுப்பட்டது. பை நிரம்பியிருந்தது. கொதிக்கக் கொதிக்க நிரப்பிய சூடு.

சுவர்ப்பக்கம் நான் ப்ரோப் வைக்கவில்லை. எண் எனக்குத் தெரியும்.

நின்றுகொண்டே இருந்தேன். படுக்க வேண்டும். பக்கத்தில் போய்ப் படுத்தால் போதும் என்று தெரிந்தது. அன்று அவள் கேட்டதும் அவ்வளவுதான். தொண்டையில் விழுங்கிய அந்தச் சத்தம் மெல்லக் கேட்டது. எனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அடக்கிய சத்தம்.

கதவைச் சாத்திவிட்டுக் காய்ச்சலோடு தெருவில் இறங்கினேன். முதலில் வந்த பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்துதான் பாலேந்திரா அண்ணனின் எண்ணைத் தேடி எடுத்தேன். மணி ஒரு தரம் அடித்தது. துண்டித்துவிட்டேன்.

பிறேமினி அக்காவுக்கு நான் தர வேண்டியது பாதிக் கட்டில், சுவர்ப்பக்கம், காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை, ஒரு நாள். இன்னும் தரவில்லை.